முதுகில் ஒட்டிய ஏழு துணி

அழகுமுத்து அறைந்த அறையில் அம்மாக்கண்ணுவின் மூக்குத்தி பிய்ந்து அடுப்புச் சாம்பலில் விழுந்தது. அவள் அதைத் தேடவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் கண் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"கைய எடுடி. தாலியக் காட்டு."

"வேணாங்க. புள்ள பாக்குது."

"பாக்கட்டும். ஆத்தா கழுத்துல தாலி ஏன் வேகுதுன்னு அதுவும் தெரிஞ்சுக்கட்டும்."

அவள் கையை முறுக்கி விலக்கினான். மஞ்சள் கயிற்றில் தாலி தொங்கும் இடத்தில், நெஞ்சுக்குழிக்கு மேலே, வெள்ளி ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்து நீர் கோத்திருந்தது. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்திலும் அதே புண். வகிட்டிலும் அதே புண். பொம்பளைக்குப் புருசன் பேரைச் சொல்லும் இடம் இந்த மூன்றுதான். மூன்றும் வெந்து கிடந்தால் லயத்து வரிசை வீடுகளில் என்ன பேசுவார்கள்?

"எவன்டி? பேரச் சொல்லு."

சொல்லப் பேர் இருந்தால்தானே சொல்வாள். தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அவள் முதுகில் நாலு போட்டுவிட்டு அவன் வேலைக்குப் போனான். மூலையில் நின்ற மீனம்மா, இரண்டு வயசுப் பிள்ளை, சாம்பலுக்குள் கையை விட்டு மூக்குத்தியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

இது நடந்தது 1949, மாசி மாதம், இலங்கை மலைநாட்டில். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, மலை முகடு துரையின் தொப்பி மாதிரி கவிழ்ந்திருப்பதால் தொப்பித்தோட்டம் என்று ஆட்கள் பேர் வைத்த தோட்டத்தில். அம்மாக்கண்ணு மேல்லயத்து வீரய்யாவின் மகள். வீரய்யா துறையூர்ப் பக்கத்து ஆள். அவருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிதான் கீழ்லயத்துக் காளியாயி. காளியாயியின் புருசன் மரம் வெட்டும்போது மரத்தடியிலேயே போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஒரே மகன், அழகுமுத்து. அத்தை மகன், முறை மாப்பிள்ளை, வேறு பேச்சே இல்லை. வீரய்யாவும் அவர் பெண்சாதி ராக்காயியும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போக, அம்மாக்கண்ணுவுக்கு அந்தக் கீழ்லயத்து ஒற்றை அறைக் காம்பிராவை விட்டால் போக்கிடம் கிடையாது.

அந்தப் புண் எப்படி வந்தது என்பதற்குப் போன தீபாவளிக்குப் போகவேண்டும்.

அதுவரைக்கும் கீழ்லயத்துப் பெண்களுக்கெல்லாம் குங்குமம் இடித்துக் கொடுத்தவள் காளியாயிதான். தான் தாலி அறுத்தவள், நெற்றி வெறும் நெற்றி. ஆனாலும் மஞ்சளும் படிகாரமும் எலுமிச்சம் சாறும் சேர்த்து அவள் நிழலில் உலர்த்தி இடிக்கிற குங்குமத்துக்கு மூன்று லயத்திலிருந்தும் வருவார்கள். அதில் ஒரே குறை, மழைக்குத் தாங்காது. கொழுந்து பறிக்கும் மலையில் தூறல் விழுந்தால் மூக்கு வழியே ஒழுகி, பத்து மணிக்கெல்லாம் நெற்றி காலி.

தீபாவளிக்கு ஸ்டேஷன் கடை முனாப் நானா கொழும்பிலிருந்து ஒரு பெட்டி இறக்கினார். மயில் படம் போட்ட சின்ன டின். உள்ளே செம்பருத்திப் பூவை அரைத்த மாதிரிக் குங்குமம். வைத்தால் வைத்ததுதான். மழைக்கும் கரையாது, வேர்வைக்கும் கரையாது, ராத்திரி தேய்த்துக் கழுவினாலும் காலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு மாதத்துக்குள் தோட்டத்து நெற்றியெல்லாம் மயில் டின். காளியாயி இடித்து வைத்தது சட்டியிலேயே கிடந்தது.

"இனிமே எவளாச்சும் குங்குமம்னு என் வாசலுக்கு வரட்டும், ஒலக்கையாலயே வைக்கிறேன் பொட்டு" என்று சொல்லி அவள் உரலைக் கவிழ்த்துப் போட்டாள். அம்மாக்கண்ணுவும் டின்தான் வாங்கினாள் என்பதில் மாமியாருக்குத் தனிக் கோபம்.

பொங்கல் கழிந்து நமைச்சல் தொடங்கியது. முதலில் நெற்றி, பிறகு வகிடு. வெள்ளிக்கிழமை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி அதற்கும் பொட்டு வைப்பது வழக்கமல்லவா, அப்படியே நெஞ்சிலும் இறங்கியது. காளியாயி பார்த்தாள். முத்துப் போட்ட மாதிரி சிறுசிறு கொப்புளம். இது ஆத்தா வேலை என்று முடிவு கட்டி, கோயில் பூசாரி சின்னத்தம்பியிடம் கூட்டிப்போனாள். அவன் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவன். பார்த்த மாத்திரத்தில் "ஆத்தா கோவமா இருக்கா" என்று சொல்லி, அம்மன் காலடிக் குங்குமத்தை அள்ளி நெற்றி நிறைய அப்பி அனுப்பினான்.

புண் பெரிதாயிற்று. மறுவாரம் இன்னும் கொஞ்சம் அப்பினான். புண் பெரிதாகப் பெரிதாகக் குங்குமமும் பெரிதாயிற்று. ஆத்தா கோபத்தைத் தணிக்கப் போட்டதுதான் ஆத்தா கோபமாக எரிகிறது என்று யாருக்கு அப்போது தோன்றும்?

அழகுமுத்துவின் அடி ஒரு பக்கம் நடக்க, அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். வேப்பிலை இந்தக் குளிரில் வளராது. மாத்தளைப் பக்கமிருந்து வந்த காய்ந்த கொத்து ஒன்று சாங்கியத்துக்கு இருந்தது. அடிக்கக் கொய்யா மிளாறு. சின்னத்தம்பி அவள் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து, நெற்றி, வகிடு, கழுத்து எல்லாம் குங்குமத்தைத் தேய்த்து, உடுக்கைச் சத்தத்துக்கு ஒரு அடியாக இறக்கினான்.

"சொல்லு! என்ன தப்பு செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல சாமி."

"யாரோட நின்ன? எங்க நின்ன?"

"கொழுந்து மலையில நின்னேன் சாமி. கூடையோட நின்னேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்புக்கும் சேர்த்து அடி விழுந்தது. மிளாறு மூன்று ஒடிந்தது. நாலாவதை அழகுமுத்துவே ஒடித்து வந்து கொடுத்தான். சட்டை கிழிந்து தோளில் ரத்தம் கசிந்தபோது பெரிய கங்காணி பொன்னையா எழுந்து, "போதும்டா, நாளைக்கு வேலைப் பெரட்டுக்கு ஆள் வேணும்" என்றார். அவர் இரக்கம் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவள் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. அன்று பஞ்சாயத்துக் கூடியது. பொன்னையா கங்காணி தீர்ப்புச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை திருவிழாக் காப்புக் கட்டு. அன்றைக்கு அம்மாக்கண்ணு உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யவேண்டும். கை வெந்தால் தாலியைக் கழற்றிவிடுவது. பிள்ளை தகப்பன் வீட்டுக்கு. அவள் தோட்டத்தை விட்டு இறங்கவேண்டியது.

எந்தக் கைதான் கற்பூரத்துக்கு வேகாது? அம்மாக்கண்ணு அன்று ராத்திரி முழுக்க மீனம்மாவைக் கட்டிக்கொண்டே கிடந்தாள். கண் தெரியாததால் விரலால் பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்படித் தடவும்போதுதான், பொட்டு வைக்கிற மோதிர விரல் நுனி மட்டும் சுருக்கென்றது. அந்த நுனியும் வெடித்து, தோல் உரிந்து கிடந்தது. கொழுந்து கிள்ளுகிற விரலெல்லாம் நன்றாக இருக்க, இந்த ஒரு விரல் மட்டும்.

நெற்றி தப்புச் செய்தது, தாலி தப்புச் செய்தது என்கிறார்களே, இந்த விரல் என்ன தப்புச் செய்தது? டின்னுக்குள் போனதைத் தவிர?

விடிந்ததும் அவள் முகத்தைக் கழுவினாள். அதற்கப்புறம் அந்தக் குங்குமத்தை நெற்றியில் வைக்கவில்லை.

இரண்டு நாளில் கண் திறந்தது. நேரே தோட்டத்து ஆசுபத்திரிக்குப் போனாள். மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர், சிடுசிடுப்பு.

"என்ன பிள்ளை, முகம் உப்பிடி வீங்கிக் கிடக்கு? ஆர் அடிச்சது?"

"அடிச்சது பாதிங்கய்யா. மீதி தானா வந்தது." விரலை நீட்டினாள். "இந்தக் குங்குமந்தாங்கய்யா. தொட்ட எடமெல்லாம் வேகுது."

"விசர்க் கதை. என்ர மனுசியும் உந்த மயில் டின்தான் வைக்கிறவ. அவவுக்கு ஒண்டும் இல்லையே."

"அது உங்க வீட்டம்மா தோலுங்கய்யா. இது எந்தோலு."

முத்துலிங்கம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொழும்பில் வேலை பழகின காலத்தில் ரயில் கார்டு ஒருவரைப் பார்த்த கதையைச் சொன்னார். அந்த ஆளுக்குக் கன்னமெல்லாம் புண்ணாம். முகம் மழிக்கிற சவுக்காரம், தடவுகிற தைலம், பவுடர் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துணித் துண்டில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்களாம். சவுக்காரம் ஒட்டின இடம் மட்டும் பொங்கியிருந்ததாம்.

"ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளுறது இன்னொருத்தருக்கு ஒத்துக்கொள்ளாது. நஞ்செண்டு இல்லை. தோல் மாட்டன் எண்டு சொல்லுது, அவ்வளவுதான்."

"அப்ப என் முதுகுல ஒட்டுங்க."

"நான் ஒட்டினால் உன்ர ஆக்கள் நம்புவினமோ?"

அவள் யோசித்தாள். மாட்டார்கள். அவளே சொறிந்துகொண்டாள் என்பார்கள், டிஸ்பென்சர் கூட்டு என்பார்கள், அவர்தான் அந்த ஆள் என்றும் சொல்வார்கள்.

"பிளாஸ்திரி மட்டும் குடுங்கய்யா" என்றாள்.

அது புதன்கிழமை. சாயந்தரம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் கூடியிருக்கும்போது அம்மாக்கண்ணு நடுவில் போய் நின்றாள்.

"கற்பூரம் ஏத்துறேன். மாட்டேன்னு சொல்லல. அதுக்கு முன்னால ரெண்டு நாளு என் முதுகுல நான் சொல்ற ஏழு சாமானை ஒட்டி வைங்க. கோயில்லயே காவல்ல உக்காந்திருக்கேன். எதை எங்க ஒட்டுறதுன்னு எனக்குத் தெரியவேணாம். எங்க அத்தையே ஒட்டட்டும்."

"நானா?" என்றாள் காளியாயி.

"நீங்கதான் அத்தை. என்னைய உங்களுக்குப் புடிக்காதுன்னு மூணு லயத்துக்கும் தெரியும். நீங்க சொன்னா நம்புவாங்க."

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை அடி விழவில்லை. பொன்னையா கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, "ரெண்டு நாளுதானே, வெள்ளிக்கிழம சாயந்தரம் பிரிக்கலாம்" என்றார்.

"கெழவிக்குக் கண்ணும் சரியில்ல, எது எங்கேன்னு மறந்துட்டா?" என்றான் சின்னத்தம்பி.

"இந்தத் தோட்டத்துல எந்தப் புள்ள எந்தக் கெழமையில பொறந்துச்சுன்னு சொல்லுவேன்டா. நீ செவ்வாக்கெழம பொறந்தவன், அதான் வாய் அடங்கல."

கோயில் மண்டபத்தில், அம்மன் முன்னால், காளியாயி ஒட்டினாள். சவுக்கார நுரை ஒன்று. முகத்துக்குப் பூசுகிற பவுடர் ஒன்று. வாசனை எண்ணெய் ஒன்று. திருநீறு ஒன்று. மயில் டின் குங்குமம் ஒன்று. சின்னத்தம்பி தட்டில் வைத்துக் கொடுத்த கோயில் குங்குமம் ஒன்று. ஏழாவதாக, சட்டியில் மிச்சம் கிடந்த தன் கையால் இடித்த குங்குமம். எல்லாவற்றையும் ஈரத் துணித்துண்டில் தடவி, முதுகில் அடிபடாத இடமாகத் தேடி, பிளாஸ்திரி போட்டு அமுக்கினாள். அடிபடாத இடம் தேடுவதற்குத்தான் நேரமாயிற்று. தேடத் தேட அவள் கை மெதுவாயிற்று.

"அத்தை, வலிக்குது."

"வலிக்கும். பேசாம இரு."

வியாழக்கிழமை சாயந்தரம் அழகுமுத்து கள்ளைக் குடித்துவிட்டு மண்டபத்துக்கு வந்தான். பொண்டாட்டி முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எவனோ கேலி செய்திருக்கிறான். வந்ததும் அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, ஒரு துணியின் ஓரத்தில் நகத்தை வைத்தான்.

அம்மாக்கண்ணு அலறினாள். அடிக்கு அலறாதவள், அந்தத் துணிக்கு அலறினாள். அது போனால் பிள்ளையும் போய்விடும்.

காவலுக்கு உட்கார்ந்திருந்த காளியாயி எழுந்து, பொங்கல் அடுப்பிலிருந்து எரிந்துகொண்டிருந்த கட்டையை உருவி மகன் தோளில் இறக்கினாள். சதை பொசுங்குகிற வாடை வந்தது. அவன் உருண்டு எழுந்து, "ஆத்தா, என்னையவா அடிக்கிற?" என்றான்.

"அது என் கை ஒட்டின துணி. அம்மன் பாக்க ஒட்டினது. அதத் தொடுறவன் என் வயித்துல பொறந்திருந்தாலும் மண்டைய ஒடைப்பேன்."

சொன்னவள் செய்யக்கூடியவள். இன்னொரு அடி அவன் முழங்காலுக்குப் போட்டாள். அவன் நொண்டிக்கொண்டே இறங்கிப் போனான். காளியாயி மருமகள் முதுகில் பிய்ந்த ஓரத்தைத் திரும்பவும் அமுக்கி ஒட்டிவிட்டு, கட்டையை அடுப்பில் சொருகினாள்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசல் நிறைய ஜனம். கற்பூரத் தட்டும் தயாராக இருந்தது. டிஸ்பென்சர் முத்துலிங்கமும் குடையோடு ஓரமாக வந்து நின்றார். காளியாயி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த இடத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்து, கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவினாள்.

"இது சவுக்காரம். வழுவழுன்னு இருக்கு. இது பவுடரு. ஒண்ணுமில்ல. இது எண்ணெய். இது திருநீறு. ஒண்ணுமில்ல." அடுத்ததைப் பிரித்தபோது முன்வரிசைப் பெண்கள் மூச்சை இழுத்தார்கள். "இது மயில் டின்னு. பொங்கிக் கெடக்கு. தண்ணி கோத்திருக்கு. வந்து தடவிப் பாருங்க." அடுத்தது. "இது நான் இடிச்சது. சாயம் இருக்கு, கொப்புளம் இல்ல." அவள் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. கடைசித் துணியைப் பிரித்தாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லு காளியாயி" என்றார் பொன்னையா.

"இதுவும் பொங்கியிருக்கு."

"அது என்னது?"

"கோயில் குங்குமம்."

சின்னத்தம்பி உடுக்கையை ஓங்கி அடித்தான். "பாத்தீங்களா! ஆத்தா குங்குமமே அவளை ஒதுக்கிருச்சு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் ஒரே இரைச்சலாக எழுந்தது. அழகுமுத்து பாய்ந்து வந்து தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். மஞ்சள் கயிறு அறவில்லை, கழுத்தை அறுத்தது. அம்மாக்கண்ணு அவன் இழுத்த பக்கமெல்லாம் இழுபட்டு, நாக்கு வெளியே தள்ள, மீனம்மாவைத் தேடிக் கண்ணைச் சுழற்றினாள். பிள்ளை தன் ஆயா காளியாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் ஆயாவைக் காணோம், பிள்ளை மட்டும் நின்றது.

காளியாயி கோயிலுக்குப் பின்னால் போயிருந்தாள். கோயில் கூட்டுகிறவள் அவள். எந்த மூலையில் எந்தக் குப்பை கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? திரும்பி வரும்போது சேலை மடி கனத்துத் தொங்கியது. அதைப் பலிபீடத்துக் கல்லில் அவிழ்த்துக் கொட்டினாள். தகர டின்கள் கலகலவென்று உருண்டன. எல்லாவற்றிலும் மயில்.

"ஏன்டா சின்னத்தம்பி, கோயிலுக்குள்ள மயிலு எப்பயிருந்துடா முட்ட போடுது? கோயில் குங்குமம், மஞ்சள்ல இடிச்சதுன்னுதானே குடுக்குற?"

சின்னத்தம்பி உடுக்கையைக் கீழே வைத்தான். "இடிக்க ஆளு யாரு இருக்கா? நீயும் ஒரலைக் கவுத்துட்ட. நான் ஒத்தை ஆளு, ஆத்தாவுக்கு என்னத்தை வைக்கிறது?"

அழகுமுத்துவின் கை கயிற்றிலிருந்து தளர்ந்தது. அம்மாக்கண்ணு விழுந்து இருமினாள். "ஒரே சாமான்தான்" என்று முத்துலிங்கம் குடையை ஆட்டிச் சொன்னார், "இரண்டும் ஒரே சாமான்." அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எல்லாக் கண்ணும் தன்மேல் திரும்புவதைக் கண்ட சின்னத்தம்பி, தப்பிக்க ஒரு வழி பார்த்தான்.

"எனக்கென்ன தெரியும்? கடைக்கார நானா வெசத்தை அடைச்சு வித்திருக்கான்! நம்ம பொம்பளைகளைக் கொல்லப் பாத்திருக்கான்!"

அதுவரை பூசாரியைப் பார்த்த கூட்டம் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. முதலில் ஓடியது அழகுமுத்து. இத்தனை நாள் பொண்டாட்டியை அடித்த கை சும்மா அடித்த கை என்று ஆகிவிட்டால் அவனுக்கு என்ன மரியாதை? எவனாவது ஒருத்தன் குற்றவாளி வேண்டும். போகிற வழியில் காம்பிராவில் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டான்.

அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள். கழுத்திலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தாலி இருந்தது, பிள்ளை இருந்தது, கற்பூரம் ஏற்றாமலே ஜெயித்தாயிற்று. ஆனால் விசம் இல்லையே, விசம் என்றால் எல்லாரும் வெந்திருக்க வேண்டுமே என்று அவள் உள்ளுக்குள் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. தன்னை அடித்தது எந்தப் பொய்யோ, அதே பொய்தான் இப்போது இன்னொருவர் தலையைத் தேடிப் போகிறது. அவள் ஓடினாள்.

கடைக்கு வரும்போது பலகைக் கதவு பிளந்து கிடந்தது. அரிசி மூட்டை கிழிந்து வாசலெல்லாம் அரிசி, அதன்மேல் மண்ணெண்ணெய். முனாப் நானாவைத் தாடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். மண்டை பிளந்து முகமெல்லாம் ரத்தம். உள்ளே அவர் பெண்சாதி ஆயிஷா அறைக் கதவைத் தட்டித் தட்டி அழுகிற சத்தம் கேட்டது.

"அல்லா காப்பாத்து! நான் அந்த டின்னைத் திறந்துகூடப் பாக்கலியே! வந்ததை வித்தேன், வாப்பா, வந்ததை வித்தேன்!" என்று முனாப் நானா கதறினார்.

அழகுமுத்து கத்தியை ஓங்கினான். அம்மாக்கண்ணு சிதறிக் கிடந்ததில் ஒரு மயில் டின்னைப் பொறுக்கி, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, முழுக் குங்குமத்தையும் உள்ளங்கையில் கொட்டினாள். புருசனுக்குக் குறுக்கே போய், அவன் கழுத்திலும் கன்னத்திலும் அழுத்தித் தேய்த்தாள்.

"வெசமா இது? உன் கழுத்துல பூசியிருக்கேன். ரெண்டு நாளு பொறு. வெந்துச்சுன்னா நானே கத்தி தர்றேன், வெட்டு."

"தள்ளுடி!"

"தள்ள மாட்டேன். இங்க நிக்கிறவளுங்க நெத்தியெல்லாம் பாருங்கடா! அத்தனையும் இதே மயிலுதான். எவளுக்கு வெந்துச்சு? சொல்லுங்கடி, எவளுக்கு வெந்துச்சு? எனக்கு மட்டுந்தான். எந்தோலுக்கு ஒத்துக்கல. அதுக்கு நானும் தப்பு செய்யல, நானாவும் தப்பு செய்யல!"

ஆண்கள் தங்கள் தங்கள் பெண்டாட்டி நெற்றியைப் பார்த்தார்கள். அழகுமுத்து மட்டும் பார்க்கவில்லை. ஓங்கிய கை இறங்கியது. முனாப் நானா தலைக்குப் போகிற வெட்டை அவள் இடது கையால் தடுத்தாள். சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு தொங்கின. ரத்தம் அரிசியில் கொட்டியது.

பொன்னையா கங்காணி கைத்தடியால் அழகுமுத்துவின் பிடரியில் போட்டார். அவன் அரிசியிலேயே விழுந்தான். முத்துலிங்கம் குடையை எறிந்துவிட்டு, ஆயிஷா உள்ளேயிருந்து கிழித்துக் கொடுத்த துணியால் அம்மாக்கண்ணுவின் கையைச் சுற்றினார். இன்னொரு துணியை முனாப் நானாவின் தலைக்குச் சுற்றினார்.

பொலிஸ் அழகுமுத்துவைக் கொண்டுபோனது. ஞாயிற்றுக்கிழமை காளியாயி ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு போய்ப் பார்த்தாள். மகன் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும்போது அவன் கழுத்தையும் கன்னத்தையும் விரலால் தடவினாள். சாயம் இருந்தது. தோல் வழுவழுவென்று இருந்தது. தோளில் தான் சுட்ட புண் மட்டும் இருந்தது. திரும்புகிற வழியில் ஸ்டேஷன் கடை முன்னால் நின்று, பலகை அறைந்துகொண்டிருந்த ஆட்களுக்குக் கேட்கும்படி, "ஒண்ணும் இல்ல, என் மகனுக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனாள். குங்குமம் கொட்டிய அம்மாக்கண்ணுவின் வலது உள்ளங்கையோ அன்றைக்குக் கொப்பளித்து, தோல் தகடாக உரிந்துகொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்து அழகுமுத்து சிறையிலிருந்து வந்தான். கீழ்லயத்து வாசலில் நின்று, "வீட்டுக்கு வந்துட்டேன்" என்றான். காளியாயி உலக்கையோடு வாசலை அடைத்து நின்றாள்.

"இது உன் வீடு இல்லடா. தோட்டத்துப் பதிவுல பேர் மாத்தி எழுதியாச்சு. போய்ப் பொழச்சுக்க."

"அவளைக் கூப்பிடு."

உள்ளே அம்மாக்கண்ணு மீனம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. "கேட்டுச்சு அத்தை, போகச் சொல்லுங்க" என்றாள். அவன் இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனான், அங்கே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று கேள்வி. தாலியை அம்மாக்கண்ணு கழற்றவில்லை. அதைக் காப்பாற்ற இவ்வளவு பட்டுவிட்டுக் கழற்றுவதா என்பாள். வெள்ளிக்கிழமைகளில் மாமியார் இடித்த குங்குமம்தான் அதற்கும்.

தைத்துச் சேர்த்த இரண்டு விரலும் மடங்காததால் கொழுந்துக்கு ஆகவில்லை. பிள்ளைக்காம்பிராவில் ஆயா வேலை கொடுத்தார்கள். அங்கே பிள்ளையை விட வருகிறவர்கள் புதுப் பவுடரோ ஸ்நோவோ வாங்கினால், "அக்கா, இது என்னைய எரிக்குது" என்று கொண்டுவந்து காட்டுவார்கள். முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டுத் தடவி, துணி ஒட்டி, "ரெண்டு நாளு" என்று சொல்லி அனுப்புவாள். கோயிலுக்குக் குங்குமத்தைச் சாகும்வரை காளியாயி இடித்துக் கொடுத்தாள், அப்புறம் அம்மாக்கண்ணு.

மீனம்மாவுக்கு 1965-இல் கல்யாணம். கினிகத்தேனைப் பக்கத்து மாப்பிள்ளை. பரிசத்தட்டு வந்தது, சேலையோடு பவுடர், ஸ்நோ, வாசனைச் சவுக்காரம், சின்னக் கண்ணாடிக் குப்பியில் சாந்து. அம்மாக்கண்ணு தட்டை வாங்கி வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே மகள் கையைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தடவத் தொடங்கினாள். மாப்பிள்ளையின் அத்தைக்காரி முகம் சிவந்துவிட்டது.

"என்ன சம்பந்தி, நாங்க கொண்டாந்தது வெசமான்னு பாக்குறீங்களா?"

"வெசமில்லம்மா. இவளுக்கு ஒத்துக்குமான்னு பாக்குறேன். ரெண்டு நாளு."

"ரெண்டு நாளா! நாளைக்கு விடிஞ்சா முகூர்த்தம்!"

"முகூர்த்தத்துக்கு என் குங்குமம் இருக்கு. மத்தது அப்புறமாப் பூசிக்கட்டும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. பிளாஸ்திரியைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "மாப்பிள்ளையத்தான் இப்படி ரெண்டு நாளு ஒட்டிப் பாக்க வழியில்லாமப் போச்சு" என்றாள்.

பந்தல் பக்கம் நின்ற மாப்பிள்ளைக்கு அது கேட்டது. அவன் திரும்பி, அவள் மடங்காத இரண்டு விரலைப் பார்த்தான். அந்த விரல்களின் கதை அவனுக்குத் தெரியும். ஸ்டேஷன் கடையில் முனாப் நானா, தலைத் தழும்பைக் காட்டி, அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்.